பெரட்டில் கூப்பிட்ட பெயர்கள் எங்கே?

ஈயம் எடுத்த ஊர் என்று கோப்பெங்கைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். எங்கள் ஊர்தானே, எங்களுக்கும் பெருமைதான். திதிவங்சா மலையடிவாரத்தில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் ஈயக்குட்டைகளுக்கும் நடுவில் கிடக்கிற இந்தச் சின்ன ஊர் ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் கொடுத்தது. மீனையும் பாலையும் டப்பாவில் அடைத்துத் தின்ற சீமைக்காரன் வீட்டுச் சமையலறையில் எங்கள் கிந்தாப் பள்ளத்தாக்கின் மண் கொஞ்சம் இருந்தது. 1879இல் இயூ கோங் தம் மருந்துக்கடையைத் திறந்தது இங்கேதான். அந்த இயூ யான் சாங் பெயர்ப்பலகை இன்று சிங்கப்பூர், ஹாங்காங் என்று எங்கும் தொங்குகிறது. அப்புறம் கார்ன்வால்காரர்கள் வந்தார்கள், கம்பெனி வைத்தார்கள். மலையிலிருந்து பெரிய இரும்புக் குழாயில் தண்ணீரை இறக்கி, அந்த வேகத்திலேயே குன்றைக் கரைத்து ஈயத்தைப் பிரித்தார்கள். இதையெல்லாம் எழுதி, படம் மாட்டி, பழைய சாமான்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிவந்து காட்டுகிறார்கள்.

காட்டுவதில் எனக்குக் கோபமில்லை. காட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் சட்டென்று நிறுத்திக்கொள்கிறார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது.

இந்தப் பேராக் மாநிலத்தில் யாருக்கெல்லாம் நினைவுச்சின்னம் கிடைத்திருக்கிறது என்று ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். ஈப்போவில் பர்ச்சுக்கு மணிக்கூண்டு. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட், 1875இல் பாசிர் சாலாக்கில் ஆற்றோரத்தில் குத்திக் கொல்லப்பட்டவர். 1909இல் எழுப்பிய மணிக்கூண்டு இன்னும் கம்பீரமாக நிற்கிறது. அது நிற்கிற தெருவுக்கு டத்தோ சாகோர் பெயர். பர்ச்சைக் கொன்ற வழக்கில் தூக்கில் தொங்கியவர்களில் அவரும் ஒருவர். செத்தவருக்குக் கோபுரம், கொன்றவருக்குத் தெரு. இரண்டுமே நியாயம் என்று வைத்துக்கொள்வோம். யாரையும் கொல்லாமல், தான் செத்ததையும் எவனும் குறித்து வைக்காமல் மண்ணுக்குள் போன கூட்டம் ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

கோலகங்சாருக்குப் போங்கள். 1877இல் அங்கே நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று பெரிய மரமாகி மாவட்ட அலுவலகத்துப் பக்கத்தில் நிற்கிறது. அதைச் சுற்றி வேலி, முன்னால் பலகை. வருகிறவர்கள் படம் பிடித்துக்கொள்கிறார்கள். மரத்துக்கு மரியாதை செய்கிற தேசம் நல்ல தேசம்தான். அந்த மரத்தின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று லட்சம் லட்சமாக நட்டு, லாலான் புல்லைப் பிடுங்கி, பாம்புக்கும் அட்டைக்கும் காலைக் கொடுத்து, விடியுமுன் எழுந்து பட்டையில் கோடு கீறிப் பால் இறக்கியவர்களுக்கு எந்த ஆபீஸ் வாசலில் வேலி கட்டியிருக்கிறது? மரத்துக்குப் பலகை வைத்தவர்களுக்கு மரத்தைத் தொட்ட கை மறந்துபோயிற்று.

பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகிற வழியில் ஈயக்கப்பல் ஒன்று இருக்கிறது. 1938இல் கட்டியது, 4,500 டன். ஏழு மாடிக் கட்டடத்தைத் தண்ணீரில் விட்டதுபோல் இருக்கும். 1982 வரைக்கும் குட்டை குட்டையாக நகர்ந்து அடிமண்ணை வாளிச் சங்கிலியால் அள்ளித் தின்றது. துருப்பிடித்துச் சாய இருந்ததைச் செலவு செய்து நிமிர்த்தி, சீட்டுப் போட்டு மக்களை ஏற்றிக் காட்டுகிறார்கள். நல்ல காரியம். நானும் ஏறிப் பார்த்தேன், வாய்பிளந்துதான் நின்றேன். அதற்கு ஒரு பெயர், ஒரு நம்பர், பிறந்த வருடம், ஓய்ந்த வருடம் எல்லாம் இருக்கிறது. இரும்புக்கு இருக்கிற இந்தக் குறிப்பு என் பாட்டிக்கு இல்லை. அவள் பிறந்த வருடமும் தெரியாது. அடையாள அட்டையில் இருந்தது எவனோ ஒரு குமாஸ்தா முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்ட வருடம்.

'ஈயம் சீனர் கதை, ரப்பர்தான் உங்கள் கதை, இரண்டையும் ஏன் போட்டுக் குழப்புகிறாய்?' என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்களே கேட்கிறார்கள். ஈயம் தானாக நடந்து கப்பலுக்குப் போனதா? இந்த நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் 1இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரைக்கும் எட்டு மைல் ஓடியது ஈயத்தைத் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கொட்டத்தான். அந்தப் பாதையைப் போட சிலோனிலிருந்து பயோனியர் படை கொண்டுவந்தார்கள். பத்து வருடம் கழித்து ஈப்போவையும் தெலுக் இந்தானையும் (அன்றைக்கு அது தெலுக் ஆன்சன்) தண்டவாளம் சேர்த்தது. கிந்தாவின் ஈயம் அதில்தான் போயிற்று. தண்டவாளத்துக்கு ஜல்லி கொட்டியது, கட்டை தூக்கியது, ரோட்டுக்குக் கல் உடைத்தது, மழையில் சரிந்த மண்ணை அள்ளியது யார் என்று பழைய ரயில்வே குடியிருப்புகளிலும் பொதுப்பணித்துறை லயங்களிலும் போய்க் கேளுங்கள். அங்கே இருந்த கோயில்களைப் பார்த்தாலே போதும், முனியாண்டியும் மாரியம்மனும் பதில் சொல்வார்கள். தோண்டியவன் கைக்குச் சிலை வைக்கிறபோது சுமந்தவன் தோளை வெட்டி எறிந்துவிட்டுச் செதுக்க முடியுமா?

சிலை என்றதும் ஒரு சிலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்னை நிற்க விடாமல் அடிப்பது அதுதான்.

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகிற ரோட்டில், ராயா ஆற்றங்கரை மேட்டில் கெல்லி மாளிகை நிற்கிறது. மலேசியாவில் தெரியாதவர் கிடையாது. வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர், இருபது வயதில் 1890வாக்கில் இங்கே வந்தார். ஆல்மா பேக்கர் என்பவரிடம் சர்வே வேலை. காட்டை அழிக்கும் குத்தகையில் கை நிறையப் பணம் சேர்ந்ததும் ஆயிரம் ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் போட்டார். ஸ்காட்லாந்தில் தம் வீட்டின் பெயரையே தோட்டத்துக்கும் வைத்தார், கிந்தா கெல்லாஸ். ஈயத்திலும் கை வைத்தார். அந்தத் தோட்டத்தின் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் சட்டைப்பையில் ஒட்டிக்கொண்டிருப்பது துரையின் சீமை வீட்டுப் பெயர்.

1915இல் மகன் பிறந்தபின் பழைய வீடு போதாமல் பெரிய மாளிகை எழுப்ப ஆரம்பித்தார். ஆறு மாடிக் கோபுரம், அதற்கு லிஃப்ட், கூரைமேல் விருந்து வைக்கத் திறந்த முற்றம். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டுவதற்கு மதராஸிலிருந்து எழுபது கைவேலைக்காரர்களைக் கொண்டுவந்தார் என்கிறார்கள். கணக்கைக் கவனியுங்கள், எழுபது. ஆட்களை எண்ணியிருக்கிறார்கள். அந்த எழுபதில் ஒருவரின் பெயராவது சொல்லுங்கள் பார்ப்போம். கொத்தனாரா, தச்சரா, செங்கல்பட்டா, தஞ்சாவூரா, பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவரா? ஒன்றும் கிடையாது. துரையின் மனைவி ஆக்னஸ் இந்த ஊர் பிடிக்காமல் ஏங்கினார், அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் துரை மாளிகை கட்டினார் என்று எல்லாரும் உருகிச் சொல்கிறார்கள். ஊரை நினைத்து ஏங்குவதற்குக்கூட வெள்ளைத்தோல் வேண்டும்போல.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. முதல் உலகப்போரின் கடைசியில் உலகத்தையே சுற்றிய ஸ்பானிஷ் காய்ச்சல் கெல்லாஸ் தோட்டத்தையும் விடவில்லை. மாளிகைக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் செத்து விழுந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் துரையிடம் போய், ஆத்தாளுக்குக் கோயில் கட்டாமல் இந்த வேலை நடக்காது என்றார்கள். துரை ஒத்துக்கொண்டார், ஆளும் பொருளும் கொடுத்தார். மாளிகைக்குக் கொஞ்ச தூரத்தில் மாரியம்மன் கோயில் எழும்பியது. நன்றி மறக்காத எங்கள் ஆட்கள் அந்தக் கோயிலின் மேல், சாமிகளோடு சாமியாகத் துரைக்கும் ஓர் உருவம் வைத்தார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு மனுசன் தெய்வங்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார். வண்ணம் பூசிய சாமிகளுக்கு நடுவில் அந்த வெள்ளை உடுப்பு தனியாகத் தெரியும், கண்ணுக்குத் தப்பாது.

கிந்தாவில் தோட்டத் தொழிலாளி கையால் வைத்த சிலை அது. அதிலும் அவன் இல்லை.

அந்த ஆட்களை நான் திட்டமாட்டேன். அடிமைப் புத்தி என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நாலு புத்தகம் படித்த திமிர். கூட்டாளிகள் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கிறபோது கேட்டதைக் கொடுத்தவனுக்கு, கையில் இருந்த தொழிலாலேயே கைம்மாறு செய்தார்கள். சுதை பிசையத் தெரியும், பிசைந்தார்கள். அவர்கள் கணக்குத் தீர்ந்தது. தீராத கணக்கு எதிர்ப்பக்கம் கிடக்கிறது. துரை 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மாளிகை முடியாமலே நின்றது, குடும்பம் ஊர் திரும்பியது, சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டுக்குக் கைமாறியது. நூறு வருடம் ஆகப்போகிறது. அந்த மாளிகைக்குச் சுற்றுலாக்காரர் வராத நாளில்லை, சினிமாக்காரர்களும் வந்து போய்விட்டார்கள், 1999இல் 'அன்னா அண்ட் தி கிங்' படத்துக்கு அங்கே எடுத்த காட்சிகள் உண்டு. துரையின் சிலைக்குப் பதிலாகத் துரையின் வீட்டில் எங்கள் ஆள் ஒருவனுக்குப் பெயர் பொறிக்க இத்தனை வருடத்தில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

இன்னும் கேளுங்கள். அந்த மாளிகையில் பேய் இருக்கிறதாம். ராத்திரியில் பேய் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எத்தனை பேர்! யார் பேய் என்று விசாரித்தால், துரையே வராந்தாவில் உலாத்துகிறார் என்பார்கள், அவர் மகள் ஜன்னலில் தெரிகிறாள் என்பார்கள். வேறு தேசத்தில் போய்ச் செத்தவர் இங்கே பேயாக நடக்கிறார். இதே மண்ணில் காய்ச்சலில் துடித்து அல்பாயுசில் போனவர்கள் வரக்காணோம். பேயாகக்கூட எங்களை அந்த வீட்டுக்குள் விடவில்லை.

எழுதி வைக்கத் தெரியாதவர்களா, பெயர் கிடைக்காமல் போனதற்கு? அதுதான் இல்லை. தோட்டத்தைப்போல் பெயரைக் கட்டிக்காத்த இடம் வேறெதுவும் இருந்ததில்லை. என் பாட்டி வேலை செய்த தோட்டத்தில், விடியக்காலை இருட்டில் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்குப் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வந்து வரிசை கட்ட வேண்டும். கணக்கெழுதும் கிராணி விளக்கு வெளிச்சத்தில் செக்ரோல் பதிவேட்டை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "இருக்கேன் ஐயா" என்று சொன்னால் கோடு விழும். சொல்லத் தவறினால் அன்றைய சம்பளம் போச்சு. முதல் நாள் ராத்திரி பிள்ளை பெற்றவள் பெயரையும் கூப்பிடுவார், 'ஏன் வரவில்லை?' என்று மண்டோரைக் கேட்பார். பேர் கூப்பிட்டு முடிந்ததும் காண்டாக் கம்பைத் தோளில் போட்டு, இரண்டு பக்கமும் வாளி ஆட, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவரவர் நிரைக்குள் நுழைந்துவிடுவார்கள். முந்தின நாள் கோட்டில் ஒட்டிக் காய்ந்த பாலை உரித்துப் பைக்குள் போட்டு, உளியை வைத்து ஒரே இழுப்பில் மெல்லிசாய்ச் சீவுவாள் பாட்டி. மரத்தின் எலும்பில் படக்கூடாது. பட்டால் துரை பார்க்க வேண்டியதில்லை, மண்டோரே பார்த்துக்கொள்வார். மங்கில் சொட்டுச்சொட்டாய்ப் பால் விழுகிறவரை அடுத்த மரம், அதற்கடுத்த மரம். பால் எடுத்து வாளி நிறைந்ததும் ஸ்டோருக்குத் தூக்க வேண்டும். நிறுத்துப் போடுகிறபோது குறைகிற எடைக்குக் கேள்வி கேட்கக்கூடாது. மழை பெய்து பால் கெட்டால் அது பாட்டியின் தலையெழுத்து.

இப்படி வருடக்கணக்கில் நாள் தவறாமல் கூப்பிட்ட பெயர் அது. சம்பளம் கொடுக்கவும், பிடித்தம் செய்யவும், கடை பாக்கியைக் கழிக்கவும், டிரெசரிடம் மருந்து வாங்கியதை எழுதவும் அந்தப் பெயர் இருந்தது. 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி என்று ஏற்படுத்தி, முதலாளிகளிடம் கூலிக் கணக்கில் பணம் வசூலித்து, அதில் கங்காணிகளை ஊருக்கு அனுப்பி ஆள் பிடித்தார்களே, அப்போது ஒவ்வொரு தலைக்கும் கணக்கு இருந்தது. 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை எண்ணி எண்ணித்தான் இறக்கினார்கள். வேலை வாங்குகிறவரைக்கும் பெயர் தேவைப்பட்டது. கல்லில் வெட்டுகிறபோது மட்டும் 'இந்தியத் தொழிலாளர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வரலாறு சொல்ல வருகிறவர்களே, செக்ரோல் எழுதிய கிராணி உங்களைவிட நேர்மையானவர்.

பாட்டி சிவப்பு அடையாள அட்டையோடுதான் செத்தாள். இந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை அவள் கால் பெரிதாய் அறியாது. அவள் இறக்கிய பாலில் எத்தனை மோட்டார் ஓடியதோ! இந்த நாட்டுக் குடியுரிமை மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. பாரம் எழுதப்போன இடத்தில் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். தோட்டத்து லயத்தில், ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்து வீட்டில் மருத்துவச்சி பிடித்த பிள்ளைக்கு என்ன பத்திரம் இருக்கும்?

பின்னால் எங்கள் தோட்டமும் விலை போயிற்று. சுதந்திரத்துக்கு அப்புறம் துண்டாடல் என்று தோட்டங்களைக் கூறு போட்டு விற்றதும், அதைத் தடுக்கத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தோட்டத்து ஆட்கள் மாதம் கொஞ்சம் கொஞ்சமாய்க் கட்டிய காசிலேயே தோட்டம் வாங்கியதும் பழைய கதை. அவரும் இந்தப் பேராக்கு மனுசர்தான், சுங்கை சிப்புட்காரர். அந்தச் சங்கம் எங்கள் தோட்டம்வரை எட்டவில்லை. ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள், ரோட்டோரத்து நிலம் வீடமைப்புக்குப் போயிற்று. லயத்தைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலும் பெயர் கிடையாது. வீட்டு நம்பரைப் போட்டு 'இந்த வீட்டில் குடியிருப்போர்' என்று இருந்தது. மூன்று தலைமுறை பெரட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள், போகச் சொல்லும்போது 'குடியிருப்போர்' என்றார்கள். அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நம்மளத்தானா?" என்று கேட்டாள்.

லயத்தை இடித்தபோது கோயிலை வேறிடத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் மூத்தவர்கள் போய் உட்கார்ந்து மல்லுக்கட்டியதால். புதைகாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பாட்டியும் தாத்தாவும் அவர்களுக்கு முந்தியவர்களும் அங்கே கிடக்கிறார்கள். தலைமாட்டில் நட்ட மரக்கட்டைகள் எப்போதோ மக்கிவிட்டன, செம்பருத்திச் செடிதான் அடையாளம். இப்போது சுற்றிலும் செம்பனை. போகிற வழியில் கேட், சங்கிலி, பூட்டு, ஒரு காவலாளி. காவலாளி பாவம் நல்லவர்தான், நேப்பாளத்துப் பையன், அவரும் ஊரைவிட்டு வந்தவர். "சாவி ஆபீஸ்ல இருக்கு" என்பார். ஆபீஸில் கேட்டால் கடிதம் எழுதிக் கொடுங்கள் என்பார்கள். கொடுத்த கடிதத்துக்குப் பதில் வருவதில்லை.

எங்கள் சாவுக்குக் கணக்கில்லாமல் போவது கிந்தாவில் மட்டும் நடந்ததா? சயாம் மரண ரயிலுக்கு ஜப்பான்காரன் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாய்த் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வராதவர்களை நினைத்து இருட்டினால் அழுகிற கிழவிகள் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்தில் இருந்தார்கள். காஞ்சனபுரியில் நேச நாட்டுச் சிப்பாய்களுக்குப் போர்க் கல்லறை இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பச்சைப் புல், நேரான வரிசை, பெயர் தெரிந்தவனுக்கெல்லாம் பெயரும் படையும் வயசும். அதே பாதையில் அதைவிடப் பல மடங்கு செத்த ஆசியக் கூலிகள் குழியில் மொத்தமாக விழுந்தார்கள். எண்பது வருடம் கழித்து நம்மவர்களே முயன்று அங்கே ஒரு புத்த விகாரையில் தமிழனுக்கு நடுகல் நட்டார்கள். அந்த மட்டுக்கும் சந்தோஷம். ஆடு மாட்டை மீட்கப்போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டுப் பெயரும் ஊரும் வெட்டி வைத்த இனம் இது. கிந்தாவுக்கு அது எப்போது வரும்?

சீனர்களோடு எங்களுக்கு வழக்கு இல்லை. அதைச் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சைத் திருப்பி அங்கே கொண்டுபோய் முட்டுகிறவர்கள் உண்டு. ஈயக்குட்டையில் பெரிபெரியிலும் அபினியிலும் செத்த சீனக் கூலியும், மண் சரிந்து புதைந்தவனும், டூலாங் தட்டை வைத்து இடுப்பளவுத் தண்ணீரில் நாள் முழுக்க நின்று ஈயம் அலசிய பெண்களும் எங்கள் கூட்டாளிகள்தாம். சிலாங்கூரில் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் 1936இலும் 1937இலும் வேலைநிறுத்தம் செய்தார்களே, அங்கே சீனரோடு தமிழரும் இருந்தார்கள். ரயிலுக்கும் ஈயச் சுரங்கத்து எந்திரத்துக்கும் எரிந்தது அந்தக் கரிதான். கம்பாரில் 2012இல் திறந்த கிந்தா ஈயச் சுரங்க அருங்காட்சியகத்தை டான்ஸ்ரீ ஹியூ சீ தோங் தம் முயற்சியில் அமைத்தார். உள்ளே போனால் கூலிகள் ஆளளவு உருவமாய் நின்று வேலை செய்கிறார்கள். தங்கள் ஆட்களுக்கு உருவம் வைக்க யாரிடமும் மனுப் போட்டு நிற்கவில்லை.

இங்கேதான் என் கோபம் எங்கள் வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது. நமக்குப் பணம் இல்லையா? இந்தப் பேராக்கில் எத்தனை ராஜகோபுரம் எழுந்துவிட்டது! கும்பாபிஷேகத்துக்கு ஹெலிகாப்டரில் பூத்தூவச் சொன்னால் வசூல் ஆகிவிடும். கோயிலுக்குள் நிமிர்ந்து பாருங்கள், மின்விசிறி இறக்கை ஒவ்வொன்றிலும் உபயம் இன்னார் குடும்பத்தார் என்று இருக்கும். டியூப் லைட்டில் பெயர் எழுதி, அந்த எழுத்தாலேயே பாதி வெளிச்சத்தை மறைத்துவிடுகிறோம். பெயர் வெட்டத் தெரியாத சமூகமா இது? கோயிலை முதன்முதலில் அத்தாப்புக் கூரையில் கட்டியவன் பெயர் மட்டும் எந்தப் பலகையிலும் இருக்காது. தேர்தலுக்குத் தேர்தல் தோட்டப் பாட்டாளி என்று தொண்டை கிழியப் பேசுகிற தலைவர்களுக்கும் சொல்கிறேன், மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நாள் எங்களோடு அந்தப் புதைகாட்டுக் கேட்டுக்கு வாருங்கள்.

சிலை வைக்கிறோம் என்று நாளைக்கு யாராவது கிளம்பினால், என்ன வைப்பார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். சிமெண்டில் ஒரு பெண், கண்டாங்கிச் சேலை, தலையில் முண்டாசு, முகத்தில் சிரிப்பு, பக்கத்தில் பச்சை பெயிண்ட் அடித்த மரம். திறப்பு விழாவுக்கு ஒரு அமைச்சர், உறுமி மேளம், கல்வெட்டில் அமைச்சர் பெயர் பெரிதாக, செயற்குழுவினர் பெயர் கீழே. அந்தப் பெண் பெயரில்லாமலே சிரித்துக்கொண்டிருப்பாள். வேண்டாம், அந்தச் சிலை எங்களுக்கு வேண்டவே வேண்டாம். பால்வெட்டுக்குப் போனவள் சிரித்துக்கொண்டு போகவும் இல்லை.

எங்களுக்கு வேண்டியது பெயர். பழைய கம்பெனிகளின் அலமாரிகளில், ஆவணக் காப்பகங்களில், தோட்ட ஆபீஸ் பரணில் எங்கெங்கே செக்ரோல் மிஞ்சியிருக்கிறதோ அதை வெளியே எடுங்கள். கரையான் தின்றது போக மிச்சம் இருப்பது போதும். முனியன் என்று வெறும் பெயர்தான் இருக்கிறதா, அப்பன் பெயர் இல்லையா, நம்பர்தான் இருக்கிறதா, இருப்பதை அப்படியே வெட்டுவோம். குமாஸ்தா தப்பாக எழுதியிருந்தால் தப்பாகவே இருக்கட்டும், அந்தத் தப்பும் எங்களுக்கு நடந்ததுதானே. எழுத்தில் கிடைக்காததைக் கேட்டால் சொல்ல ஈப்போவிலும் கோப்பெங்கிலும் மலிவுவிலை வீடுகளின் நாலாம் மாடியில் முட்டிவலியோடு உட்கார்ந்திருக்கிற கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். எந்த நிரை யாருடையது, பக்கத்து நிரையில் யார், யார் பிள்ளை எந்த வருட வெள்ளத்தில் போனது என்று அவர்களுக்குத் தலைகீழாய்த் தெரியும். போனவாரமும் ஒரு சாவுக்குப் போய்வந்தேன், ஒரு லயம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். இனி அவரைக் கேட்க முடியாது.

கல்லுக்குப் பணம் தாருங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. கல்லை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், வெட்டுகிற ஆளுக்கும் நாங்களே கூலி கொடுக்கிறோம். துரையைக் கோயில்மேல் ஏற்றிவைத்த கை வம்சம் இன்னும் அற்றுப்போய்விடவில்லை. நீங்கள் அந்தப் புதைகாட்டுக் கேட்டின் சாவியைக் கொடுங்கள். கடிதம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று.